‘எந்த ஊர்?’ என்று யாரும் கேட்காத மூன்று நாட்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் இரண்டு வாரத்துக்கு முன்பு அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம் வந்தால் கத்தோலிக்க ஆண்கள் சிலர் பணம் கட்டி, ஊர்விட்டு ஊர் போய், தியானம் என்று மூன்று நாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு வருகிறார்களாம். இதனால் வீட்டுக்கு என்ன லாபம், நாட்டுக்கு என்ன லாபம், ஊமையாக இருப்பதற்கும் கட்டணமா என்று கேட்டிருந்தார். இது வெளிநாட்டு மோகம் என்றும் போகிற போக்கில் ஒரு குத்து. அவர் யாரைப் பார்த்துவிட்டு எழுதினாரோ தெரியாது. அந்த ஊமைகளில் நானும் ஒருவன். ரூ.600 கட்டிவிட்டுப் போய் வந்தேன். ஆகவே பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் பாத்தியதை இருக்கிறது.

முதலில் என்னைப் பற்றி. நான் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் என்று இந்தக் கரையில் எங்கே கூப்பிட்டாலும் ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு போவேன். 34 வருடத் தொழில். இன்ஜினைத் திறக்காமலே, ஓடுகிற சத்தத்தைக் கேட்டு, எந்த சிலிண்டரில் கோளாறு, நாசில் அடைத்திருக்கிறதா, கியர் பாக்ஸில் பல் தேய்ந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். அதே சத்தம்தான் என் இடது காதைத் தின்றுவிட்டது. இப்போது இடது பக்கம் நின்று பேசுகிறவர்களுக்கு நான் சிரித்துத் தலையாட்டுவேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

தியானத்துக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது என் மனைவி காய் நறுக்குவதைக்கூட நிறுத்தவில்லை. “பேசாமல் இருப்பதற்கு அங்கே எதற்குப் போகிறீர்கள்? இங்கேயும் அப்படித்தானே இருக்கிறீர்கள்” என்றாள். உங்கள் வாசகர் எழுதியதைவிட அது நல்ல கேள்வி. அதற்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை.

என்னைப் போகச் சொன்னவர் எங்கள் பங்குத்தந்தை. 14 வருடமாக நான் பாவசங்கீர்த்தனம், அதாவது சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்பது, செய்யவில்லை என்பது அவருக்குத் தெரியும். (இப்போது ஒப்புரவு அருள்சாதனம் என்கிறார்கள். எனக்குப் பழைய பெயர்தான் வாயில் வருகிறது.) பூசைக்குப் போவேன், திருவிழாவுக்கு வரி கொடுப்பேன், சப்பரத்துக்கு ஜெனரேட்டர் ஓட்டுவேன். அதற்கு மேல் சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

தியான இல்லம் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாக உள்ளே தள்ளி இருக்கிறது. பெயரை எழுதினால் விளம்பரம் என்பீர்கள், விட்டுவிடுகிறேன். நீளமான ஓட்டுக் கட்டடம், ஒரு சிறிய கோயில், உப்பேறிய கிணறு, நாலைந்து வேம்பு, ஒரு பூவரசு, வேலிக்கு அப்பால் உடைமரம், அதற்கு அப்பால் சேறும் கடலும். பாக் நீரிணைக் கரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அலை என்று சொல்லத்தக்க அலை அங்கே கிடையாது. நீர் வற்றினால் குடும்பத்தோடு நண்டு பொறுக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் இறங்கியதும், ஒரு பிரதர் துணிப்பையை நீட்டினார். எல்லோரும் செல்போனை அதில் போட்டோம். 41 பேர். பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எனக்குப் பல் பிடுங்கியது போல இருந்தது. மூன்று நாளும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போவதும், வெறும் துணியைத் தொட்டுவிட்டுத் திரும்புவதுமாக இருந்தது. நடுக்கடலில் எந்தப் படகு இன்ஜின் நின்று கிடக்கிறதோ, எவன் என்னைக் கூப்பிட்டுப் பார்த்துத் திட்டுகிறானோ என்றுதான் முதல் ராத்திரி ஜெபித்தேன். ஜெபம் என்று அதைச் சொல்லலாமா தெரியவில்லை.

இரவு ஜெபம் முடிந்ததும் மௌனம் தொடங்கியது. அதற்கு முன் கிடைத்த ஒரு மணி நேரத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்த விஷயமே அங்கேதான் இருக்கிறது.

பாயும் தலையணையும் வாங்க வரிசையில் நின்றோம். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, “அண்ணன் எந்த ஊர்?” என்றார். சொன்னேன். “கோயில் பக்கமா, கடற்கரைப் பக்கமா?” சொன்னேன். “யார் வீடு?” அதையும் சொன்னேன். அவர் “அப்படியா” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு வரிசை முடியும்வரை பேச்சு இல்லை. இந்த மூன்று கேள்விகளும் எதற்கு என்று கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். நானும் எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். நம் பக்கத்தில் ஊரைக் கேட்பது ஊரைத் தெரிந்துகொள்வதற்காக இல்லை. பூசையில் ஒரே நற்கருணை அப்பத்தை வாங்கிவிட்டுத் தனித்தனிக் கல்லறையில் அடக்கமாகும் ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. கத்தோலிக்கராகிய நாங்கள் வெட்கப்பட வேண்டிய விஷயம் அது. வெட்கப்படுகிறோம்; அதோடு சரி.

மணி அடித்தது. அந்தக் கேள்வியைக் கேட்க இனி ஞாயிறு மத்தியானம்வரை யாருக்கும் அனுமதி இல்லை.

முதல் இரவு கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்துப் படுத்தோம். தூக்கம் வரவில்லை. இன்ஜின் சத்தம் கேட்டே பழகியவனுக்கு அமைதி என்பது ஒரு கோளாறு; எதுவோ ஓட வேண்டியது ஓடவில்லை என்றுதான் மனம் துடிக்கும். வலது காதை மேலே வைத்துக்கொண்டு கிடந்தேன். ஒருவர் இழுத்து இழுத்து இருமினார். ஒருவர் குறட்டை, இடையில் நின்று, நின்று, பிறகு உதறிக்கொண்டு கிளம்பியது. டீசலில் காற்றுப் புகுந்த இன்ஜின் அப்படித்தான் செய்யும். ஒருவர் புரண்டு படுக்கும்போதெல்லாம் “மாதாவே” என்றார். விடிவதற்குள் எனக்கு ஏழெட்டுப் பேரைச் சத்தத்தால் அடையாளம் தெரிந்துவிட்டது. முகம் தெரியாது, பெயர் தெரியாது. காலையில் கிணற்றடியில் அந்த இருமலுக்கு உரியவரைக் கண்டுபிடித்தபோது, பழைய உறவுக்காரரைப் பார்த்தது போல இருந்தது.

சனிக்கிழமை 5 மணிக்கு மணி. முகம் கழுவிவிட்டுக் கரைக்குப் போனோம். கடல் வற்றிக் கிடந்தது. இயேசு சிலுவை சுமந்த வழியை நினைக்கும் சிலுவைப்பாதையின் 14 நிலைகளையும் கரையோரம் நடந்துகொண்டே, வாய்விட்டு ஜெபிக்காமல், ஒவ்வொரு நிலைக்கும் முழங்காலிட்டு எழுந்து போனோம். ஒலிபெருக்கி இல்லாத சிலுவைப்பாதையை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். (நம் கோயில்களில் ஒலிபெருக்கியின் அளவு பற்றி எனக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. காது போனவனே சொல்கிறேன், அதிகம்.) ஈரச் சேற்றில் 41 பேர் முழங்கால் பதிந்த குழிகள் வரிசையாகக் கிடந்தன. திரும்பி வரும்போது அவற்றில் தண்ணீர் ஊறியிருந்தது.

சாப்பாட்டு நேரம்தான் வேடிக்கை. ஒரு இளைஞர் நின்றுகொண்டு புனிதர் வரலாறு வாசிப்பார், மற்றவர்கள் பேசாமல் சாப்பிட வேண்டும். வந்தவர்களில் ஆசிரியர்கள், அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்கள், ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரர் — அவர் மீசையை வைத்து நானாக முடிவு செய்தது — இவர்களெல்லாம் தவித்துப்போனார்கள். உப்பு வேண்டும் என்று கேட்கத் தெரியாமல் ஒருவர் காகிதத்தில் எழுதிக் காட்டினார். ஆனால் கடல்தொழிலாளிகள் ஏழெட்டுப் பேருக்கு ஒரு சிரமமும் இல்லை. விசைப்படகில் இன்ஜின் ஓடும்போது ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, எல்லாம் கைதான். உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்தினால் வேகத்தைக் குறை. சுட்டுவிரலைச் சுழற்றினால் வலை இழுக்கும் விஞ்சை ஓட்டு. முட்டியை மடக்கினால் நிறுத்து. எனக்கும் அது தெரியும். எதிரே பந்தி விசாரித்தவர் சாம்பார் ஊற்ற ஊற்ற ஒருவர் முட்டியை மடக்கிக் காட்டினார், போதும். இன்னொருவர் சுட்டுவிரலைச் சுழற்றினார், இன்னும் ஊற்று. மத்தியானத்துக்குள் அந்த ஆசிரியர்களும் கற்றுக்கொண்டார்கள். தட்டுக் கழுவுகிற இடத்தில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒரு படகுக் கூலியாளைப் பார்த்து உள்ளங்கையை அழுத்திக் காட்டினார்: மெதுவாக ஊற்று, சட்டை நனைகிறது. வெளியே அவர்கள் இருவரும் எந்த நிலையில் சந்தித்திருப்பார்களோ!

தியானம் கொடுத்தவர் ஒரு சேசுசபைச் சாமியார். ஒரு நாளைக்கு நாலு முறை, அரை மணி நேரம் பேசுவார். பிறகு ஒரு மணி நேரம் அவரவர் தனியாக உட்கார வேண்டும். அந்தச் சபையை நிறுவிய இனிகோ என்கிற இஞ்ஞாசியார் கதையை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடித்தது. 1521-இல் பம்பலோனா கோட்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கியது. எலும்பைச் சேர்த்தது சரியில்லை என்று மறுபடி உடைத்துச் சேர்த்தார்கள். பிறகு துருத்திக்கொண்டு நின்ற எலும்பை அறுத்தார்கள். மயக்க மருந்து இல்லாத காலம். படுக்கையில் கிடந்தவர் வீர சாகசக் கதைப் புத்தகம் கேட்டார். வீட்டில் இருந்ததோ கிறிஸ்துவின் வரலாறும் புனிதர் வரலாறும்தான். வேறு வழியில்லாமல் அதைப் படித்தார். எழுந்து நடந்த பிறகு மன்ரேசா என்ற ஊரில் மாதக்கணக்கில் தனித்திருந்தார். அங்கே தமக்கு நேர்ந்ததை வைத்துத்தான் இந்தத் தியான முறையையே அமைத்தார். 1548-இல் பாப்பரசர் மூன்றாம் பவுல் அதற்கு ஒப்புதல் தந்தார். முழுதாகச் செய்தால் 30 நாள். எங்களுக்குக் கிடைத்தது அதன் ஒரு கை அளவு.

எலும்பை உடைத்துச் சேர்த்த இடம் வந்தபோது, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தம் வலது முழங்காலைத் தேய்க்க ஆரம்பித்தார். அப்போதுதான் கவனித்தேன். கால் வளைந்திருந்தது, வேட்டி விலகிய இடத்தில் நீளமாக ஒரு தழும்பு. விஞ்சுக் கம்பி அறுந்து அடித்தால் அப்படி ஆகும்; நான் பார்த்திருக்கிறேன். அவர் என்னைப் பார்த்தார். நான் சுட்டுவிரலைச் சுழற்றி, பிறகு கையைச் சட்டென்று வெட்டிக் காட்டினேன். தலையசைத்தார். ஆறு மாதமோ ஒரு வருடமோ படுக்கையில் கிடந்திருப்பார். பங்கு வந்திருக்காது. முன்பணம் கொடுத்த படகுக்காரர் வந்து எட்டிப் பார்த்திருப்பார். இவ்வளவும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒரு வார்த்தை செலவில்லை. சாமியார் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அந்தக் காலைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தோம். அதுவும் தியானம்தான் என்று பிற்பாடு சாமியார் சொன்னார்.

பாவசங்கீர்த்தனம் சனிக்கிழமை பிற்பகல். பூவரசு நிழலில் இரண்டு நாற்காலி போட்டுச் சாமியார் உட்கார்ந்திருந்தார். பத்தடி தள்ளி வரிசை. 14 வருடக் கணக்கைச் சொல்லி முடித்தேன். என்ன சொன்னேன் என்பது இந்தக் கடிதத்துக்கு வெளியே இருக்கட்டும். தம்பி ஒருவனுக்கும் எனக்கும் இடையில் ஒரு பங்குப் பணம், அவன் இப்போது உயிரோடு இல்லை, அவ்வளவுதான். சாமியார் ஏதோ சொன்னார். அவர் உட்கார்ந்திருந்தது என் இடது பக்கம். வழக்கம் போலத் தலையாட்டினேன். “என்ன அபராதம் சொன்னேன், சொல்லுங்கள்” என்றார். விழித்தேன். அவர் புரிந்துகொண்டு குரலை உயர்த்தினார். “53 மணி ஜெபமாலை, உங்கள் தம்பிக்காக!”

வரிசையில் நின்றவர்கள் அனைவருக்கும் கேட்டுவிட்டது. வெளியில் என்றால் அந்தக் கணமே ஒருவன் சிரித்திருப்பான், சாயங்காலத்துக்குள் டீக்கடையில் கதையாகியிருக்கும். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. யார் முகத்தையும் பார்க்காமல் நேரே கோயிலுக்குள் போய், பின்வரிசையில் முழங்காலிட்டு மாலையை எடுத்தேன். முதல் பத்து மணி முடிவதற்குள் பக்கத்தில் யாரோ வந்தார்கள். அந்தக் கால் வளைந்தவர். அவரால் முழங்காலிட முடியாது. காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து, தம் மாலையை எடுத்து, என் கையைப் பார்த்து நான் எந்த மணியில் இருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, அங்கிருந்து தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் இன்னொருவர், ஒல்லியான மனிதர், மறுபக்கம் வந்தார். அவர் யார் என்று அதுவரை நான் கவனித்ததுகூட இல்லை. மூன்று பேரும் வாய் திறக்காமல் மணியை நகர்த்தினோம். கடைசி மணிக்கு வந்தபோது என் கை நின்றுவிட்டது. அவர்கள் கையும் நின்றது. காத்திருந்தார்கள். நான் நகர்த்தியதும் நகர்த்தினார்கள்.

என் தம்பியின் பெயர்கூட அவர்களுக்குத் தெரியாது. ஊரும் தெரியாது, தெருவும் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பார்களா என்று எனக்குள் ஒரு கேள்வி அப்போதே எழுந்தது, இன்னும் இருக்கிறது.

அன்று ராத்திரி முழுவதும் நற்கருணை ஆராதனை, ஆளுக்கொரு மணி நேரம். எனக்கு இரண்டு மணியிலிருந்து மூன்று. போனபோது, முறை முடிந்தும் எழுந்து போகாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தோள் குலுங்கியது. அழுதுகொண்டிருந்தார். வாட்டசாட்டமான மனிதர், ஐம்பது வயதிருக்கும். மகன் யாழ்ப்பாணச் சிறையிலோ, நகை வங்கியிலோ, மனைவி ஆஸ்பத்திரியிலோ, எதுவென்று தெரியாது. மற்ற இடமாக இருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது எனக்கே தெரியும். தோளில் தட்டி, “விடுங்கள், ஆண்பிள்ளை அழலாமா, எல்லாம் சரியாகிவிடும்” என்று சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு, ஆறுதல் சொன்ன திருப்தியோடு போய்ப் படுத்திருப்பேன். அன்று சொல்ல முடியாது. ஆகவே பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அழுது முடிக்கிறவரை அழுதார். அவரை நிறுத்தச் சொல்ல அங்கே ஆள் இல்லை. மூன்று மணிக்கு எழுந்தபோது அவரும் எழுந்தார். வாசல்வரை சேர்ந்து நடந்தோம். குடத்திலிருந்து ஒரு தம்ளர் மொண்டு பாதி குடித்துவிட்டு மீதியை என்னிடம் நீட்டினார்.

எங்கள் கரையில் ஆண்கள் கூடுகிற இடங்கள் எவை என்று உங்கள் வாசகர் யோசித்துப் பார்க்கட்டும். ஏலக்கூடம், சங்கக் கூட்டம், டீக்கடை, மதுக்கடை. நாலிலும் சத்தம் போடுகிறவன்தான் ஆள். பெண்களுக்கு அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டம் இருக்கிறது, மரியாயின் சேனை என்ற ஜெபக் குழு இருக்கிறது, பாசி எடுக்கப் போகிற வழியில் பேசிக்கொள்ள முடிகிறது. ஆணுக்குக் குடித்தால்தான் அழ உரிமை. மறுநாள் அதையும் சொல்லிக் காட்டுவார்கள். குடிக்காமல் ஒருவன் அழுததை, அதுவும் மற்றொரு ஆணின் பக்கத்தில் உட்கார்ந்து அழுததை, நான் அங்கேதான் பார்த்தேன். நாட்டுக்கு என்ன லாபம் என்ற கேள்விக்கு என்னிடம் கணக்கு இல்லை.

வெளிநாட்டு மோகம் என்ற குத்துக்கு மட்டும் ஒரு பதில். சேசுசபைச் சவேரியார் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு வந்தது 1542-இல். ஏழு வருடத்தில், 1549-இல், அவருடைய சபையைச் சேர்ந்த அந்தோனி கிரிமினாலி என்ற இத்தாலியர் நம் வேதாளையில் கொல்லப்பட்டார். மண்டபத்துக்கு வேலைக்குப் போகும்போதெல்லாம் பஸ் அந்த ஊரைத் தாண்டுகிறது. நானே இந்தத் தியானத்தில்தான் தெரிந்துகொண்டேன். நானூற்றைம்பது வருடத்துக்கு மேல் இந்த மண்ணில் கிடப்பதை வெளிநாடு என்றால், அன்பர் காலையில் குடிக்கும் காப்பியையும் விட வேண்டும். மௌனம் நமக்குப் புதிதும் இல்லை. தாயுமானவர் சமாதியானது எங்கே? இதே ராமநாதபுரத்தில். அவருடைய குருவுக்குப் பெயரே மௌனகுரு. என் அப்பா காலத்தில் இந்தத் தியானத்துக்கு ‘ஞான ஒடுக்கம்’ என்று பெயர். ஆமை தலையையும் காலையும் உள்ளே இழுத்துக்கொள்கிறதே, அந்த ஒடுக்கம். வலையில் ஆமை ஏறிப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையை விளக்க வேண்டியதில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்ததும் மௌனம் கலைந்தது. துணிப்பையும் வந்தது. இங்கேதான் எனக்குக் குறை. பிரியாணி இலையில் விழுவதற்குள் 41 பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கொட்டகைக்குள் ஆறு சிலிண்டர் லேலண்ட் இன்ஜினை முழு வேகத்தில் விட்டது போல இருந்தது. முதலில் சந்தோஷம்தான். பிறகு அந்தக் கேள்வி கிளம்பியது. “அண்ணன் எந்த ஊர்?” “சார் எந்தப் பக்கம்?” “அங்கே யார் வீடு?” அரை மணி நேரத்தில் ஊர் ஊராக, கரைக்காரர் ஒரு பக்கம், உள்பகுதிக்காரர் ஒரு பக்கம், அதற்குள் இன்னும் இரண்டு மூன்று பிரிவு என்று இலை மாறி உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போவது போலப் போனார்கள். தட்டுக் கழுவுகிற இடத்தில் உள்ளங்கையை அழுத்திக் காட்டிய அந்த ஓய்வுபெற்றவரும் — அவர் போலீஸ்காரர் இல்லை, கருவூலத்தில் இருந்தவராம் — தம் ஊர்க்காரர்களோடு போய் உட்கார்ந்தார்.

நான் பூவரசுக்கு அடியில் இலையை எடுத்துக்கொண்டு போனேன். கால் வளைந்தவர் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்றும் தோன்றியது. ஆனாலும் நாக்கு எழவில்லை. அவர் இலையில் கறி குறைவாக இருந்ததைப் பார்த்துப் பந்திக்காரரை நோக்கிச் சுட்டுவிரலைச் சுழற்றினேன்.

மாலையில் விருப்பமுள்ளவர்களை ஓரியூருக்கு வேனில் அழைத்துப் போனார்கள். அருளானந்தர் 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி தலை வெட்டுண்ட இடம். 1947-இல் அவருக்குப் புனிதர் பட்டம். லிஸ்பனில் பிறந்தவர், பண்டாரசாமி வேடத்தில் இந்த மறவர் நாட்டில் திரிந்தவர். அங்கே மண் சிவப்பு. அவர் ரத்தம் சிந்தியதால் என்பது நம்பிக்கை. சிறு வயதிலிருந்து பலமுறை போயிருக்கிறேன், கூட்டத்தில் தள்ளுமுள்ளு. வேனில் பாட்டும் பேச்சும் கைத்தட்டலுமாகப் போனது. நாங்கள் இருவரும் கடைசி இருக்கை. இறங்கியதும் அவர் காலை இழுத்துக்கொண்டு போய், குனிய முடியாமல் குனிந்து, ஒரு சிட்டிகை மண்ணை எடுத்தார். தமக்கு எடுக்கிறார் என்று நினைத்தேன். நேரே வந்து என் சட்டைப் பையில் போட்டார். மூன்று நாளும் என் கை அங்கே போய்ப் போய் வந்ததைப் பார்த்திருக்கிறார். பையில் அப்போது போன் திரும்பி வந்திருந்தது. அதன் மேலேயே மண் விழுந்தது. சார்ஜ் செய்கிற துளையில் இன்னும் சிவப்பாக இருக்கிறது. மகன் சுத்தம் செய்து தருகிறேன் என்கிறான், நான் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது என் மனைவி, “பேசலாமா, இன்னும் விரதமா?” என்று கேட்டாள். அவளுடைய பழைய கேள்விக்கு அன்று பதில் சொன்னேன். வீட்டில் நான் பேசாமல் இருந்தது வேறு. அது கதவைச் சாத்தி வைத்தது. தம்பி விஷயத்தை அவளிடம் முதல் முறையாகச் சொன்னேன். அவளுக்கு அது முன்பே தெரியும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இனி, ஏற்பாடு செய்கிறவர்களுக்கு உங்கள் பத்திரிகை வழியாக இரண்டு விண்ணப்பம்.

வெள்ளி, சனி, ஞாயிறு என்பது அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்குத் தோதான கணக்கு. ராமேசுவரத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவது வாரத்தில் திங்கள், புதன், சனி மூன்று நாட்கள். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. சனிக்கிழமை தியானத்தில் உட்கார்ந்தால் படகுக்காரனுக்கு வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அதனால்தான் 41 பேரில் கடல்தொழிலாளி ஏழெட்டுப் பேர் மட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. அந்த 61 நாளும் ஆட்கள் கரையில் சும்மா இருக்கிறார்கள். எங்கே போய் உட்காருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தவக்காலம் முடிந்துவிடுமே என்று யாரும் தயங்க வேண்டாம். பாஸ்கு (ஈஸ்டர்) முடிந்த பிறகும் பாவம் இருக்கத்தான் செய்கிறது. ரூ.600-ஐ அந்தக் காலத்தில் பாதியாக்குங்கள். சிவகங்கை மறைமாவட்டத்தின் கடற்கரைப் பங்குகள் சேர்ந்து ஒரு தடவை செய்து பார்க்கட்டும். தடைக்காலத்தில்தான் எல்லாப் படகும் கரையேறி இன்ஜின் இறக்குவார்கள். வருடத்தில் எனக்குத் தலை சொறிய நேரமில்லாத இரண்டு மாதம் அது. ஆகவே அந்தத் தியானத்துக்கு என்னால் வர முடியாது. ஆதாயத்துக்காகக் கேட்கிறேன் என்று அன்பர் நினைக்க வேண்டாம்.

இரண்டாவது, மௌனத்தைச் சாப்பாட்டுக்கு முன்பு கலைக்காதீர்கள். வாயை மூடிக்கொண்டே பஸ் ஏறிப் போகட்டும். டிக்கெட் வாங்கும்போது கண்டக்டர் கேட்பார், எந்த ஊர் என்று, அப்போது சொல்லிக்கொள்ளலாம்.

போன வாரம் மண்டபம் துறைமுகத்தில் ஒரு படகின் இன்ஜின் அறையிலிருந்து தலையை நீட்டினேன். மூன்றாவது படகில் அந்தக் கால் வளைந்தவர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார். இவ்வளவு சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. கையை உயர்த்தி, உள்ளங்கையைக் கீழ்நோக்கி அழுத்திக் காட்டினேன். அவரும் அப்படியே காட்டிவிட்டு வலையைப் பிரிக்கத் திரும்பினார். அந்தப் படகு எந்த ஊர்ப் படகு என்று பதிவு எண்ணைக் கேட்டால் என் உதவியாளன் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவான். நான் கேட்கவில்லை.

கடிதத்தின் அடியில் எழுதியவர் பெயரையும் ஊரையும் அச்சிடுவது உங்கள் வழக்கம். முழு முகவரியைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். உங்கள் சரிபார்ப்புக்கு அது போதும். பத்திரிகையில் ஊரை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு படகு மெக்கானிக்